எழுதி முடித்த நாடகத்தை எங்கே கொண்டுபோவது?

கேள்வி: மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் நான். இரண்டு வருடம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். இப்படி ஓர் இல்லத்தில் ஒரே இரவில் நடக்கும் கதை, 11 பாத்திரங்கள். 2024இல் இங்கே, இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையான 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' நாடகத்தைப் பார்த்தபோதுதான் நம்மாலும் எழுத முடியும் என்ற துணிவு வந்தது. ஐந்து நாடகக் கம்பெனிகளுக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதிலே போடவில்லை. ஒருவர், வெளியிலிருந்து வரும் பிரதிகளை வாங்குவதில்லை என்றார். இன்னொருவர், 'நல்ல எழுத்து, ஆனால் எங்கள் சீசனுக்குப் பொருந்தாது' என்று எழுதினார். லண்டனில் ஓடிய நாடகம் மட்டும் பொருந்துகிறதே! உள்ளூர் நாடகம் என்றாலே இவர்களுக்கு இளக்காரமா, இல்லை என் பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்களா? பேசாமல் 15,000 டாலர் கடன் வாங்கி, ஒரு ஹால் பிடித்து நாமே போட்டுவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா, இல்லை விட்டுவிடட்டுமா? முதல் 30 பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

— மெல்பர்ன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் 27ஆம் பக்கத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இரவு இரண்டு மணி. மறதி நோய் முற்றி, ஆங்கிலமே மறந்துபோன கிரேக்கப் பெரியவர் மணியை அடிக்கிறார். நர்ஸ் ஓடி வருகிறாள். அவர் தன் மொழியில் என்னவோ கேட்கிறார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மைக்ரோவேவில் பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்து, 'சூடா இருக்கு தாத்தா, ஊதிக் குடிங்க' என்று தமிழில் சொல்கிறாள். அவர் ஊதுகிறார். அப்புறம் இரண்டு பக்கத்துக்கு அவர் கிரேக்கத்திலும் அவள் தமிழிலும் பேசிக்கொண்டே போகிறார்கள். அவர் தன் கிராமத்துக் கிணற்றைப் பற்றி, இவள் தன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி. படித்து முடித்ததும் எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் ஜன்னலருகே நின்றேன். நாடகப் பிரதிகளைப் படித்து ஆலோசனை சொல்வதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. அப்படி எழுந்து நிற்க வைக்கும் பக்கம் எப்போதாவதுதான் கைக்கு வரும்.

ஆகவே விட்டுவிடும் பேச்சே வேண்டாம். ஆனால் நீங்கள் மேடையைத் தேடிப் போன வழி சரியில்லை. மின்னஞ்சலில் தனியாகப் போய் மேடையேறிய புதிய நாடகம் இந்த நாட்டில் மிக அரிது. ஏறியவை பெரும்பாலும் ஆட்களோடு சேர்ந்து போனவை.

உங்கள் பிரதி போன இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பெரிய கம்பெனி வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாடகம் போடும். அதில் ஒன்றிரண்டு ஷேக்ஸ்பியர், செகாவ் மாதிரிப் பழையவை. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஓடிப் பெயர் வாங்கியவை இரண்டு மூன்று. ஒரு நாவலின் நாடக வடிவம். மிச்சமிருப்பதுதான் புதிய ஆஸ்திரேலிய நாடகத்துக்கு. அந்த இடங்களிலும், இரண்டு மூன்று வருடம் முன்பே முன்பணம் கொடுத்து எழுதச் சொன்ன நாடகங்கள் வரிசையில் நிற்கும். அடுத்த வருடச் சீசனை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே அறிவித்துச் சந்தா டிக்கெட் விற்கத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் அனுப்பிய நாளில் அங்கே காலி இடமே இருந்திருக்காது. 'பொருந்தாது' என்ற சொல்லுக்குப் பாதிக் காரணம் இதுதான். அந்த வரியை எழுதியவர் உங்கள் பிரதியைப் பிடித்துப்போய்ப் படித்திருக்கவும் கூடும். 'நல்ல எழுத்து' என்பதை எல்லோருக்கும் எழுத மாட்டார்கள்.

லண்டன் நாடகம் ஏன் பொருந்துகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது ஏற்கெனவே ஓடி நிரூபித்துவிட்டது. சந்தாதாரருக்குப் பெயர் தெரியும். பிரதியில் இனி வேலை இல்லை. புதிய நாடகத்துக்கு இந்த மூன்றும் கிடையாது. மூன்று வாரம் ஓடும், அரங்கு நிறையுமா என்று முதல் இரவுவரை யாருக்கும் தெரியாது. அரசுப் பணம் குறையும்போது கம்பெனிகள் முதலில் கைவைப்பது இந்தத் துணிச்சலில்தான். 2015இல் மத்திய அரசு, கலைகளுக்கு நிதி பிரித்துக் கொடுக்கும் அமைப்பான ஆஸ்திரேலியா கவுன்சிலிடமிருந்து நான்கு வருடத்துக்கான 104.7 மில்லியன் டாலரை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே அறுபதுக்கும் மேற்பட்ட கலை அமைப்புகள் தொடர் நிதியை இழந்தன. அதில் அடிபட்டவை பெரும்பாலும் சின்ன, நடுத்தர அமைப்புகள். புது எழுத்தாளர்கள் முதல் அடி எடுத்துவைக்கும் இடங்களும் அவைதான். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

இளக்காரம் இல்லவே இல்லையா? இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நூறு வருடம் முன்பு இந்த நாட்டின் மேடைகளை ஜே. சி. வில்லியம்சன் கம்பெனி கையில் வைத்திருந்தது. கப்பலில் வந்த வெற்றி நாடகங்கள்தான் சரக்கு. 1922இல் லூயி எஸ்ஸன் என்பவரும் நண்பர்களும் இதே மெல்பர்னில் 'பயனியர் பிளேயர்ஸ்' என்று குழு கட்டி உள்ளூர் நாடகங்களாகப் போட்டார்கள். சில வருடத்தில் ஓய்ந்துபோனது. விமர்சகர் ஏ. ஏ. பிலிப்ஸ் இந்த மனநிலைக்கு 1950இல் 'கல்ச்சரல் கிரிஞ்ச்' என்று பெயர் வைத்தார். நம் வீட்டுச் சமையலை விருந்தாளி முன்னால் வைக்கக் கூசுகிற மாதிரியான கூச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூச்சத்தை உடைத்த கதையில்தான் உங்களுக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. 1955இல் நாடக எழுத்துப் போட்டி ஒன்றில் இரண்டு நாடகங்கள் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று ரே லாலரின் 'சம்மர் ஆஃப் த செவன்டீன்த் டால்'. இன்னொன்று ஓரியல் கிரேயின் 'த டாரன்ட்ஸ்'. லாலரின் நாடகம் அதே வருடம் நவம்பரில் மெல்பர்ன் பல்கலைக்கழக வளாகத்தின் யூனியன் தியேட்டரில் மேடையேறியது. நாடு சுற்றி, 1957இல் லண்டன் போனது. இன்றுவரை ஆஸ்திரேலிய நாடகம் என்றால் முதலில் சொல்லும் பெயர் அது. கிரேயின் நாடகத்தைப் பெரிய கம்பெனிகளான பிளாக் ஸ்வானும் சிட்னி தியேட்டர் கம்பெனியும் சேர்ந்து மேடையேற்றியது 2019இல்! பரிசு வாங்கி 64 வருடம். இடையில் ஓரிரு மேடையேற்றங்கள் நடந்தன என்றாலும், எழுதியவர் 2003இலேயே காலமாகிவிட்டார்.

இரண்டுக்கும் ஒரே பரிசு. பிறகு எங்கே பிரிந்தது? லாலர் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவர்; பெரிய இடத்துப் பிள்ளை கிடையாது. ஆனால் அப்போது அவர் அந்த யூனியன் தியேட்டர் கம்பெனிக்குள்ளேயே நடிகராகவும் இயக்குநராகவும் இருந்தார். தன் நாடகத்தின் முதல் மேடையேற்றத்தில் பார்னி பாத்திரத்தில் நடித்தவரும் அவர்தான். ஓரியல் கிரேக்கு அப்படித் தோள்கொடுக்க ஒரு தொழில்முறைக் கம்பெனி இல்லை. பெண் என்பதும் ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாடகம் நகர்வது இப்படித்தான் என்று தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

இன்னொன்று பாருங்கள். மெல்பர்னின் கார்ல்டன் பகுதியில், ஃபாரடே தெருவில் 1967இல் பெட்டி பர்ஸ்டால் 'லா மாமா' என்ற நாடக அரங்கைத் தொடங்கினார். சில பத்துப் பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம், அவ்வளவுதான். 1971இல் டேவிட் வில்லியம்சன் அங்கே 'த ரிமூவலிஸ்ட்ஸ்' போட்டார். ஸ்வின்பர்ன் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இன்ஜினியர் அவர். சாமான் ஏற்றும் ஆளாக மேடையில் நின்றவரும் அவரே. அங்கிருந்து அந்த நாடகம் சிட்னியின் நிம்ராட் அரங்குக்குப் போய், 1973இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கை எட்டியது. அடிலெய்டு கலைவிழா 1960இல் வேண்டாம் என்று தள்ளிய ஆலன் சீமோரின் 'த ஒன் டே ஆஃப் த இயர்' நாடகத்தை முதலில் போட்டவர்கள் அமெச்சூர் குழுவினர். பின்னாளில் நோபல் வாங்கிய பேட்ரிக் வைட்டின் 'த ஹாம் ஃப்யூனரல்' நாடகமும் அதே விழாவால் தள்ளப்பட்டு, 1961இல் பல்கலைக்கழகக் குழு ஒன்றின் கையால்தான் மேடை கண்டது. பெரிய வாசல் மூடியிருந்தது. சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனார்கள்.

உங்கள் பெயரைப் பார்த்து ஒதுக்கினார்களா என்பதற்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது. முன்பு எனக்கே நடந்திருக்கிறது. ஒரு கம்பெனியின் கூட்டத்தில் நான் சிபாரிசு செய்த பிரதிக்கு, 'இதற்கான பார்வையாளர் நம்மிடம் இல்லையே' என்றார்கள். அதை எழுதியவர் பெயர் ஆங்கிலப் பெயராக இருந்திருந்தால் அந்த வாக்கியம் வந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன். 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' வந்தபிறகு அந்த வாக்கியத்தைச் சொல்வது கஷ்டமாகியிருக்கிறது. அதை எழுதிய எஸ். சக்திதரன் நமக்கெல்லாம் செய்து கொடுத்த பெரிய உபகாரம் அது.

அதில் 16 நடிகர்கள் இருந்தார்களே, என் 11 பாத்திரம் மட்டும் அதிகமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நாடகம் 2019 ஜனவரியில் சிட்னி டவுன் ஹாலில் ஏறுவதற்குள் ஏறக்குறைய பத்து வருட உழைப்பு போயிருந்தது. அதற்கு முன்பே சக்திதரன் மேற்குச் சிட்னியில் ஓர் அமைப்பைக் கட்டி, ஊர் மக்களோடு கலைவேலை செய்துகொண்டிருந்தார். பெல்வோர் கம்பெனியின் இயமன் ஃப்ளாக் கூடவே நின்று இயக்கினார். சிட்னி, அடிலெய்டு விழாக்கள் தோள் கொடுத்தன. அத்தனை கைகள் சேர்ந்துதான் 16 நடிகர்களைத் தாங்கின.

உங்கள் 11 பேரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு வாரம் ஒத்திகை, நான்கு வாரம் ஆட்டம் என்றால் ஒரு நடிகருக்கு எட்டு வாரச் சம்பளம். பதினொரு பேருக்கு 88 வாரச் சம்பளம். அதே நாடகத்தை நான்கு பேர் செய்தால் 32. பிரதியைத் திறந்ததும் பாத்திரப் பட்டியலைத்தான் தயாரிப்பாளர் முதலில் பார்ப்பார். பலர் அங்கேயே மூடிவிடுவார்கள். உங்கள் கதைக்கு நர்ஸும் கிரேக்கப் பெரியவரும் தனியாக இருந்தே ஆக வேண்டும். மற்ற ஒன்பது பேரையும் இரண்டு நடிகர்கள் மாறி மாறிச் செய்யலாம். மேலாளராக வந்தவரே அடுத்த காட்சியில் மகளாக வரட்டும். முதியோர் இல்லத்தில் நோயாளிகள் ஆளை மாற்றி அடையாளம் காண்பது தினமும் நடப்பதுதானே? உங்கள் கதைக்கு அது பலமாகவே அமையும். அப்புறம், முதல் 20 பக்கத்து ஊழியர் கூட்டம் வேண்டாம். இரவு இரண்டு மணி மணிச்சத்தத்தில் திரையைத் தூக்குங்கள்.

தமிழ் வசனங்களுக்கு ஆங்கில விளக்கம் எழுதி எழுதிக் களைத்திருக்கிறீர்கள். அதையும் யோசியுங்கள். சக்திதரனின் நாடகத்தில் ஒருவர் தமிழில் பேசும்போது இன்னொரு நடிகர் மேடையிலேயே உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொன்னது நினைவிருக்கும். உங்கள் 27ஆம் பக்கத்துக்கு அதுகூட வேண்டாம் என்பது என் எண்ணம். நர்ஸுக்குக் கிரேக்கம் புரியாத மாதிரியே அரங்கத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியாமல் போகட்டும். அந்தப் பால் டம்ளர் போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தப் பெரியவர் உண்மையில் இருந்தவர் என்று படிக்கும்போதே தெரிகிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். உங்கள் வேலைக்கும் அது பாதுகாப்பு, அந்தக் குடும்பத்துக்கும் மரியாதை.

இனி 15,000 டாலர் விஷயம். கடன் வாங்கவே வாங்காதீர்கள். கணவர் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் கணக்கு உதைக்கிறது. 60 இருக்கை, 12 ஆட்டம் என்று வையுங்கள்: 720 டிக்கெட். புதியவர் நாடகத்துக்குப் பாதி விற்றாலே சந்தோஷப்படலாம். 360 டிக்கெட், ஆளுக்கு 35 டாலர், மொத்தம் 12,600. ஹால் வாடகை, விளக்கு, காப்பீடு, விளம்பரம் எல்லாம் இதிலிருந்துதான். நடிகர்களுக்கு என்ன கொடுப்பீர்கள்? வேறொருவர் தயாரித்து, உங்களுக்கு வழக்கமான பத்து சதவீத ராயல்டி தந்தால்கூட 1,260 டாலர். இரண்டு வருட உழைப்புக்கு! அதோடு, வாடகை ஹாலில் போட்டால் உங்கள் உறவினர்கள் வருவார்கள், பாராட்டுவார்கள், போவார்கள். உங்கள் நாடகத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகக்கூடிய இயக்குநர் ஒருவரும் அங்கே வந்து உட்கார மாட்டார்.

அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் இப்படிச் செலவிடுங்கள். நான்கு நல்ல நடிகர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குக் கூப்பிடுங்கள். நூலகத்தில் ஓர் அறை எடுங்கள். நடிகர்களுக்குப் பணம் கொடுங்கள், சாப்பாடும் போடுங்கள். இலவசமாக வரச் சொல்லாதீர்கள். உரக்க வாசிக்கட்டும். எதிரில் பதினைந்து பேர் இருக்கட்டும். அதில் பாதிப் பேர் உங்களைத் தெரியாதவர்களாக இருந்தால் நல்லது.

நடிகர்களை எங்கே பிடிப்பது? நாடகம் பார்க்கப் போங்கள். நீங்கள் பார்த்த உள்ளூர் நாடகம் என்று கடிதத்தில் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இரவு ஷிப்ட்டின் சிரமம் எனக்குத் தெரியும். ஆனாலும் மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் கில்டா ஈஸ்ட்டில் ரெட் ஸ்டிட்ச், ஊர் நடுவில் ஃபார்ட்டிஃபைவ் டவுன்ஸ்டேர்ஸ், செப்டம்பர் அக்டோபரில் சுயாதீனக் கலைஞர்களின் மெல்பர்ன் ஃப்ரிஞ்ச் விழா. ரெட் ஸ்டிட்ச், நடிகர்களே சேர்ந்து நடத்தும் கம்பெனி. 'இங்க்' என்று புது நாடகங்களை வளர்த்தெடுக்கும் திட்டமும் வைத்திருக்கிறது. லா மாமாவையும் கேட்டுப் பாருங்கள். 2018 மே மாதத் தீயில் கருகி, ஊர்ப் பணம் சேர்த்து 2021 டிசம்பரில் மீண்டும் கதவு திறந்த இடம் அது. தொடர் நிதி கிடைக்காமல் 2025இல் நிகழ்ச்சிகளை நிறுத்திவைக்கும் நிலைமைக்கும் வந்தது. ஆகவே இப்போது என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். நாடகம் முடிந்ததும் ஓடிவிடாமல் வாசலில் நில்லுங்கள். பிடித்த நடிகரிடம், பிடித்த இயக்குநரிடம் எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். முதல் நாளே பையிலிருந்து பிரதியை எடுக்காதீர்கள். மூன்றாவது முறை பார்க்கும்போது அவர்களே 'நீங்கள் எழுதுவீர்களா?' என்று கேட்பார்கள்.

போட்டிகளுக்கும் அனுப்புங்கள். சிட்னியில் கிரிஃபின் என்ற கம்பெனி புதிய ஆஸ்திரேலிய நாடகங்களுக்காகவே இருக்கிறது. கிரிஃபின் விருது மேடையேறாத பிரதிகளுக்கானது. சிட்னி தியேட்டர் கம்பெனியின் பேட்ரிக் வைட் பெயரிலான விருதும் அப்படியே. இறுதிச் சுற்றுக்கு வந்தாலே கதவுகள் கொஞ்சம் திறக்கும். ஆனால் ஓரியல் கிரேயை மறக்காதீர்கள். பரிசு வேறு, மேடை வேறு. அதேபோல வாசிப்பு மேல் வாசிப்பாக வைத்து, மேடைக்கே போகாமல் ஐந்து வருடம் சுற்றும் பிரதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாசிப்புக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவதில் இயக்குநர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அவரோடு ஃப்ரிஞ்சில் ஆறு ஆட்டம் போடுங்கள். உங்கள் நகரசபையிடம் கலை மானியத்துக்கு விண்ணப்பியுங்கள்.

யாராவது தயாரிக்க முன்வந்தால் கையெழுத்துப் போடும் முன், நாடக, திரை எழுத்தாளர்களின் சங்கமான ஆஸ்திரேலியன் ரைட்டர்ஸ் கில்டில் கேளுங்கள். குறிப்பிட்ட ஆட்டங்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். முழு உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் மேடையேற்றத்தைவிட இரண்டாவது மேடையேற்றம் கிடைப்பதுதான் இந்த நாட்டில் கஷ்டம். அந்த உரிமை உங்கள் கையில் இருந்தால்தான் அதைத் தேட முடியும். உங்கள் நாடகத்துக்கு அந்த இரண்டாவது வாழ்வு நர்சிங் கல்லூரிகளில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் நீங்கள் எதையும் வாசிக்க வேண்டாம். பிரதியில் பக்க எண்கள் தெளிவாக இருக்கட்டும். ஓரமாக, பார்வையாளர்களின் முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். யாராவது போனை எடுத்தால், நாற்காலியில் நெளிந்தால், அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அசையாமல் இருக்கும் பக்கத்தையும் குறியுங்கள். அன்றிரவே எதையும் திருத்தாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். நான்கு நடிகருக்கான புதிய பிரதி தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். வாசிப்பு நாளையும் சொல்லுங்கள், வேலை இல்லாவிட்டால் நானும் வந்து ஒரு நாற்காலியில் உட்காருகிறேன்.